“இந்த ஆண்டு நிச்சயம்” என்று நம்பும் மரைனர்ஸ் ரசிகருக்கு

கடிதத்தின் சுருக்கம்

சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ நகரில் வசிக்கும் நாற்பத்தெட்டு வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். 2001-இல் மென்பொருள் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து அங்கே போனவர். அந்த ஆண்டு அலுவலக நண்பர்கள் அழைத்துச்சென்ற பேஸ்பால் ஆட்டத்தில், அப்போதுதான் ஜப்பானிலிருந்து வந்திருந்த இச்சிரோ சுசுகியைக் கண்டதுமுதல் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் தீவிர ரசிகர். அணி அந்த ஆண்டில் 116 ஆட்டங்களில் வென்றது. ஆனால் அதற்கடுத்த பிளேஆஃபை (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் சுற்றை) காண அவர் 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. 2025 அக்டோபர் 20 அன்று டொராண்டோவில் நடந்த, வேர்ல்ட் சீரிஸுக்குள் நுழைய வெல்லவேண்டிய அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 3-1 என்று முன்னணியில் இருந்த மரைனர்ஸ், ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோ அணியின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னால் (எல்லைக்கு வெளியே பறந்த அடியால்) 4-3 என்று தோற்றது. அன்றிலிருந்து தமக்குச் சரியான உறக்கம் இல்லை என்கிறார்.

2026 சீசன் தொடங்கவிருக்கும் வேளையில் அவர் சில முடிவுகளை எடுத்திருக்கிறார். மகளின் கல்லூரிச் செலவுக்காகச் சேர்த்துவைத்த 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்து, 81 உள்ளூர் ஆட்டங்களுக்கும் இரண்டு இருக்கைகள் வாங்க வேண்டும். அணி, சாம்பியனை முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸை வெல்லும் என்று, வேலை விசாவில் இருக்கும் மைத்துனரின் கைப்பேசிச் செயலி மூலம் அவர் பெயரில் கணிசமான தொகையைப் பந்தயம் கட்ட வேண்டும். அக்டோபர் நடுவில் நாள் குறிக்கப்பட்டுவிட்ட தந்தையின் சதாபிஷேகத்தை டிசம்பருக்குத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும். மனைவி இதைப் பைத்தியம் என்கிறார். பதின்மூன்று வயது மகளோ, ஏழாவது ஆட்டத்தன்று அழுதுவிட்டு, இனி பேஸ்பாலே வேண்டாம் என்கிறாள். “இத்தனை அருகில் வந்த அணி இந்த முறை போகாமல் இருக்குமா? என் நம்பிக்கை தவறா?” என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நம்பிக்கையில் தவறில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 30 அணிகளில் இதுவரை வேர்ல்ட் சீரிஸில் காலடி வைக்காத ஒரே அணியை, பிறந்த ஊரின் அணியாக இல்லாதபோதும் தேர்ந்தெடுத்து, கால் நூற்றாண்டு கைவிடாமல் இருந்திருக்கிறீர்கள். அந்த விசுவாசத்தைப் பைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கையின்மேல் நீங்கள் மூன்று பேருடைய பொருளை ஏற்றிவைக்கப் பார்க்கிறீர்கள் என்பதுதான் என் கவலை: மகளின் பணம், மைத்துனரின் விசா, தந்தையின் விழா. உங்கள் சேமிப்பையும் உங்கள் உறக்கத்தையும் மட்டும் பணயம் வைத்திருந்தால் என் பதில் இத்தனை நீண்டிருக்காது.

ஏழாவது இன்னிங்ஸின்போது கோவையிலிருந்து வந்த அழைப்பை எடுக்க எழுந்து போனதால்தான் அந்த ஹோம் ரன் விழுந்தது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பாதி வேடிக்கையாக எழுதியிருக்கலாம். மீதிப் பாதியை நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வீசும் முக்கிய பிட்சரான (பந்துவீச்சாளரான) ஆந்த்ரேஸ் முன்யோஸை அழைக்காமல் எட்வார்ட் பசார்டோவை அனுப்பிய மேலாளர் டான் வில்சனையும் நீங்கள் மன்னிக்கவில்லை. அந்த முடிவைப் பற்றி நியாயமாக வாதிடலாம், சியாட்டிலில் இன்றும் வாதிடுகிறார்கள். உங்கள் நாற்காலியைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை.

நூலிழையில் தவறிய அணிக்கு அடுத்த ஆண்டு

உங்கள் வாதத்தின் அடித்தளம் இதுதான்: இவ்வளவு அருகில் வந்த அணிக்கு அடுத்த படி வெற்றிதான். சூதாட்டத்தைப் பற்றிய ஆய்வுகளில், நூலிழையில் தவறும் அனுபவம் தெளிவான தோல்வியைவிட ஆளை மீண்டும் ஆடத் தூண்டுகிறது என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. இயந்திரத்தில் மூன்றாவது சின்னம் ஒரு கட்டம் தள்ளி நின்றால் வெற்றி நெருங்கிவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. பேஸ்பால் திறமையின் ஆட்டம் என்பதால் ஏழாவது ஆட்டம் வரை சென்றது அணியின் தரத்தைப் பற்றி ஏதோ சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அது சொல்வதைவிட அதிகமாக நீங்கள் அதில் படிக்கிறீர்கள்.

வரலாறு இரண்டு பக்கமும் பேசுகிறது. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 2014 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் தோற்று, 2015-இல் கோப்பையை வென்றது. 2003-இல் உங்களைப் போலவே லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வீழ்ந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ், மறு ஆண்டே 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக்கொண்டது. இவை இரண்டும் உங்களுக்கு மனப்பாடம் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. நீங்கள் எழுதாமல் விட்டவற்றை நான் சொல்கிறேன். அதே 2003-இல் அதே கட்டத்தில் தோற்ற சிகாகோ கப்ஸ், 2004-இல் 89 ஆட்டங்களில் வென்றும் பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. வேர்ல்ட் சீரிஸை வெல்ல அதற்கு 2016 வரை ஆயிற்று. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2011 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் இரண்டு முறை வெற்றிக்கு ஒரே ஒரு பந்து தூரத்தில் நின்று நழுவவிட்டது. அதன் காத்திருப்பு 2023-இல்தான் முடிந்தது. அவ்வளவு ஏன், 2001-க்குப் பிறகு உங்கள் அணியே 2002-இலும் 2003-இலும் தலா 93 ஆட்டங்களில் வென்று இரண்டு முறையும் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. 2004-இல் 99 தோல்வி. அந்த மூன்று ஆண்டுகளையும் நீங்கள் நேரில் பார்த்தவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரைனர்ஸ் 2021-இல் 90 வெற்றி, 72 தோல்வி. 2022-இல் 90 வெற்றி, 72 தோல்வி. 2025-இலும் அதே 90, அதே 72. முதல் முறை பிளேஆஃப் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு எடுத்த ரன்களைவிட 51 ரன் கூடுதலாக விட்டுக்கொடுத்திருந்தார்கள். 90 வெற்றி கிடைத்ததே வியப்பு. இரண்டாம் முறை, டிவிஷனை (லீக்கின் உட்பிரிவை) வெல்லாமலே இடம் தரும் வைல்ட் கார்டாக உள்ளே போய், ஹூஸ்டனிடம் 18 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் 1-0 என்று தோற்று வெளியேறினார்கள். மூன்றாம் முறை டிவிஷனை வென்று, வேர்ல்ட் சீரிஸுக்கு எட்டு அவுட் தொலைவில் நின்றார்கள். ஒரே எண்ணிக்கைக்கு மூன்று விதமான அக்டோபர்கள். எனவே “இந்த ஆண்டு எத்தனை ஆட்டங்களில் வெல்வார்கள்” என்பதை ஓரளவு கணிக்கலாம். “அக்டோபரில் என்ன ஆகும்” என்பதை அதிலிருந்து கணிக்க முடியாது. நீங்கள் முதலாவதற்கான காரணங்களை அடுக்கி இரண்டாவதை முடிவுசெய்கிறீர்கள்.

முதலாவதைப் பொறுத்தவரை உங்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஜாஷ் நேலர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் திரும்பியிருப்பது நல்ல செய்தி. கடந்த ஆண்டு லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கெர்பி, பிரைஸ் மில்லர் மூவரும் காயத்தால் வாரக்கணக்கில் வெளியே இருந்தும் 90 வெற்றி வந்தது. அவர்கள் உடல்நலத்தோடு முழு ஆண்டும் வீசினால் அணி இன்னும் வலுவாக இருக்கும். மறுபுறம், டெட்ராய்ட்டுக்கு எதிரான 15 இன்னிங்ஸ் ஆட்டத்தை முடித்துவைத்த ஹோர்ஹே பொலாங்கோ நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். டிவிஷனில் இரண்டாம் இடம் பெற்ற ஹூஸ்டன் வெறும் மூன்று ஆட்டங்கள்தான் பின்னால் இருந்தது என்பதும் மறக்கத்தக்கதல்ல.

மரைனர்ஸின் கேல் ராலியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது. கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவராக) ஆடிக்கொண்டு 2025-இல் 60 ஹோம் ரன் அடித்தது யாரும் எதிர்பார்க்காத சாதனை. அதற்குமுன் கேட்சர்களில் மிக அதிகம் சால்வடோர் பெரஸ் 2021-இல் அடித்த 48. ஆனால் “இந்த ஆண்டு 65” என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பேப் ரூத் 1927-இல் 60 அடித்தார், மறு ஆண்டு 54. ராஜர் மாரிஸ் 61, பிறகு 33. மார்க் மெக்வயர் 70, பிறகு 65. பேரி பாண்ட்ஸ் 73, பிறகு 46. ஆரன் ஜட்ஜ் 62, பிறகு காயத்தோடு 37. அறுபதைத் தொட்ட ஒரு சீசனுக்கு அடுத்த சீசனில் தம்முடைய அந்த எண்ணிக்கையை மீண்டும் எட்டியவர் இதுவரை எவரும் இல்லை. ராலி இந்த ஆண்டு 40 அடித்தால் அது சரிவு ஆகாது. ஒரு கேட்சருக்கு அது அபாரமான ஆண்டு. மே மாதத்தில் அவர் 12 ஹோம் ரன்னில் நிற்கும்போது உங்களுக்கு ஏமாற்றம் வராமல் இருக்க இதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதான அக்டோபரைப் பொறுத்தவரை கொஞ்சம் கணக்குப் போடுவோம். நீங்கள் பொறியாளர், அலுத்துக்கொள்ள மாட்டீர்கள். அணி பிளேஆஃபுக்குள் நுழைய நூற்றுக்கு 70 வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றைத் தாண்டும் சலுகையும் கிடைத்துவிடுவதாகக் கொள்வோம். மீதமுள்ள ஒவ்வொரு தொடரிலும் எதிரணியைவிடச் சற்று மேம்பட்டதாக, 55 விழுக்காடு வெற்றி வாய்ப்பு என்று வைத்தால், வேர்ல்ட் சீரிஸுக்குச் செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு. அதை வெல்லும் வாய்ப்பு 12-ஐ ஒட்டி வருகிறது. அணியின் மீது அன்புள்ளவர் போட்ட கணக்கு இது. எட்டில் ஒரு வாய்ப்பு என்பது நம்பிக்கை வைக்கப் போதுமானது, வீட்டை அதன்மேல் கட்டப் போதாது. 1906-இன் கப்ஸும் 2001-இன் மரைனர்ஸும் ஆளுக்கு 116 வெற்றி பெற்ற அணிகள். இரண்டில் எதுவும் அந்த ஆண்டு கோப்பையை வெல்லவில்லை. 2023 அக்டோபரில் அணியின் பேஸ்பால் நிர்வாகத் தலைவர் ஜெரி டிபோடோ, பத்தாண்டுகளில் 54 விழுக்காடு ஆட்டங்களை வென்றால் வேர்ல்ட் சீரிஸ் தானாக வரும் என்ற பொருளில் பேசி ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் பேசிய நேரம் மோசம். கணக்கு அத்தனை மோசமில்லை என்பது என் எண்ணம்.

தந்தையின் சதாபிஷேகம்

தள்ளிவைக்கச் சொல்லாதீர்கள். எண்பது வயதைக் கடந்தவரின் விழாவை, ஐந்தில் ஒரு வாய்ப்புள்ள நிகழ்ச்சிக்காக நகர்த்துவது என்பது நாம் போட்ட கணக்குப்படியே சரிவராது. “அப்பா புரிந்துகொள்வார்” என்கிறீர்கள். புரிந்துகொள்ளலாம்; ஆனால் உறவினர்கள் கேட்கும்போது மகன் ஏன் வரவில்லை என்று விளக்க வேண்டியவர் அவராகிவிடுவார். டிசம்பரில் அவர் உடல்நிலை எப்படி இருக்கும் என்பதற்கும் உங்களிடம் உத்தரவாதம் இல்லை.

நீங்கள் கவனிக்காத ஒரு வசதியும் இருக்கிறது. சியாட்டிலுக்கும் கோவைக்கும் அக்டோபரில் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு. அங்கே மாலை 5 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோவையில் மறுநாள் காலை 5.30-க்கு வரும். நாதஸ்வரம் தொடங்குமுன் சில இன்னிங்ஸ்களாவது பார்த்துவிடலாம். அணி உள்ளே வந்திருந்தால் தந்தையையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக மகன் எதில் மூழ்கியிருக்கிறான் என்பதை அவரும் ஒருமுறை பார்க்கட்டும்.

மகளின் கல்லூரிப் பணம்

529 கணக்கின் உரிமையாளர் என்ற முறையில் அதிலிருந்து பணம் எடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மகளின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் கல்விக்கல்லாத செலவுக்கு எடுத்தால், எடுக்கும் தொகையில் அடங்கிய ஈட்டுத்தொகைக்கு வருமான வரியும் அதன்மேல் 10 விழுக்காடு கூடுதல் வரியும் சேரும். மேலும் வாஷிங்டன், கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்துரிமை உள்ள மாநிலம். திருமண வாழ்வில் சம்பளத்திலிருந்து சேர்த்த பணம் பொதுவாக இருவருடையது. எனவே “என் சம்பளம், என் முடிவு” என்று மனைவியிடம் சொன்னதாக எழுதியிருக்கும் வரி பண்பின்படி மட்டுமல்ல, சட்டத்தின்படியும் நிற்காது. துல்லியமான விவரங்களை ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை 81 ஆட்டங்கள் என்பது ஏறத்தாழ இரண்டு நாளுக்கொரு மாலை. உங்கள் வேலையோடு அது எப்படி நடக்கும் என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. குறைந்த எண்ணிக்கை ஆட்டங்களுக்கான திட்டத்தையோ தனித்தனி டிக்கெட்டுகளையோ அன்றாடச் சேமிப்பிலிருந்து வாங்குங்கள். பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படும் ஒப்பந்தம் எதிலும் இப்போது கையெழுத்திடாதீர்கள்: அணிகளுக்கும் வீரர்களின் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சென்ற முறை அது முடிந்தபோது 99 நாள் கதவடைப்பு நடந்தது. 1994-இல் வேலைநிறுத்தத்தால் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை.

மைத்துனர் பெயரில் பந்தயம்

இதை உடனே கைவிடுங்கள். வாஷிங்டனில் விளையாட்டுப் பந்தயம் பழங்குடியினர் நடத்தும் சூதாட்ட விடுதிகளின் வளாகத்துக்குள் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. வீட்டிலிருந்து இணையம் வழியாகக் கட்டுவதை மாநிலச் சட்டம் கடுமையான குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பக்கத்து ஒரிகனில் கைப்பேசி வழியாகக் கட்டலாம் என்பது உண்மை. ஆனால் ஒருவர் பெயரிலுள்ள கணக்கில் இன்னொருவர் பணம் கட்டுவது தனிச் சிக்கல். விசாவில் இருக்கும் ஒருவருக்கு இதன் விளைவு உங்களுக்கு ஏற்படுவதைவிடப் பல மடங்கு கடுமையாகலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையை மதிப்பிடும் சட்டம் சூதாட்டக் குற்றங்களைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது. அவர் அக்கா கணவரின் பேச்சைத் தட்டமுடியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. “வேண்டாம்” என்று சொல்லும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். பந்தயத்தை மனைவியிடமிருந்து மறைக்கவே மைத்துனரின் செயலியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துப்பாருங்கள். மறைத்துச் செய்யத் தோன்றும் செலவு எதுவாயினும் ஆலோசகர்கள் அதைப் பற்றித்தான் முதலில் கேட்போம்.

மகள் உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டதாக எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. அவள் அழுதது ஆட்டத்துக்காக மட்டும்தானா என்று கேட்டுப்பார்த்தீர்களா? அன்றிரவு நீங்கள் தொலைக்காட்சி ரிமோட்டை வீசியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று வயதில் பிள்ளைகள் பெற்றோரின் விருப்பங்களிலிருந்து சற்று விலகித் தமக்கானவற்றைத் தேடுவது இயல்பு. அதோடு, தந்தையின் மனநிலை ஓர் ஆட்டத்தின் முடிவைப் பொறுத்து மாறும் வீட்டில் அந்த ஆட்டத்தை வெறுப்பது தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். இந்த சீசனில் அவளை ஓர் ஆட்டத்துக்கும் வற்புறுத்தாதீர்கள். தோற்ற மறுநாள் காலை வீட்டில் நீங்கள் வழக்கம்போல் இருப்பதை அவள் சில மாதங்கள் பார்க்கட்டும். நல்ல அணியும் ஆண்டுக்கு 70 முறை தோற்கும் என்பதால் உங்களுக்குப் பயிற்சிக்குக் குறைவிருக்காது. அவளாகவே “இன்று யார் பிட்ச் செய்கிறார்கள்” என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். அதைச் சாக்காக வைத்து டிக்கெட்டை நீட்டாதீர்கள்.

கடைசியாக உறக்கம். அக்டோபரிலிருந்து வாரத்தில் நான்கைந்து இரவுகள் அதிகாலை மூன்று மணிக்கு விழித்து அந்த ஒரு பந்தை மனத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டுவதாகவும், அலுவலகத்தில் கவனம் சிதறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்குக் குறைந்தது மூன்று இரவுகள், மூன்று மாதங்களாவது நீடிக்கும் உறக்கக் குறைவை மருத்துவர்கள் நாள்பட்டதாகவே கருதுவார்கள். அதைத் தொடங்கிவைத்தது பேஸ்பாலாக இருக்கலாம். தொடரவைப்பது வேறாக இருக்கலாம். மனச்சோர்வு, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. இதற்கு மாத்திரையைவிட முதலில் பரிந்துரைக்கப்படுவது, உறக்கமின்மைக்கென்றே வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சில வாரங்களில் முடியக்கூடியது. உங்கள் குடும்ப மருத்துவரிடம் சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே நேரம் வாங்குங்கள். காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சியாட்டிலில் மருத்துவம் பார்ப்பவருக்கு அந்த ஏழாவது ஆட்டத்தை விளக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. அந்தக் காணொளியை மறுபடி பார்ப்பதை மட்டும் இன்றிரவே நிறுத்திவிடுங்கள்.